ஓராண்டு கூடினால் தோல்வியா?



ஆறாண்டுத் தமிழ்ப்பள்ளிக் கல்வியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுள், மலாய்மொழியில் வரையறுத்த தேர்ச்சி பெறாதோர், ‘ரிமூவ்’ எனப்படும் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்ற பின்னரே முதலாம் படிவம் ஏறி வந்துள்ளனர். பயிற்றுமொழி மாறுவதற்காக அமைந்த ஏற்பாடு அது. அறிவை அளந்துரைத்த தீர்ப்பன்று. ஆயினும், ‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்று வீட்டார் கூறிவிட்டால், அந்த ஓராண்டு பிள்ளையின் நெஞ்சில் அழியா வடுவாகிவிடும்.

இகழ்ச்சி மட்டுமன்று, புகழ்ச்சியும் பிள்ளையைத் தளர்த்தக்கூடும். 1998-இல் அமெரிக்க உளவியலறிஞர் கிளாடியா மியூலரும் கரோல் டுவெக்கும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஐந்தாம் வகுப்புச் சிறாருக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரை அறிவாளிகள் என்றும், வேறு சிலரை நன்கு உழைத்தவர்கள் என்றும் பாராட்டினர். அடுத்து வந்த கடும் புதிர்களில் இரு சாராரும் இடறினர். அதன்பின், அறிவுக்காகப் புகழப்பட்டோர் முன்னிலும் குறைவாகவே செய்தனர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டோர் முன்னேறினர்.

அறிவு பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்டது என்று எண்ணுவோர் இடறியவிடத்தே முடங்குவர். வளரத்தக்கது என்று நம்புவோர் வழியை மாற்றி மீண்டும் முயல்வர். வள்ளுவப் பெருந்தகை ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்.

ஊக்கமொழி மட்டும் போதாது. நாள்தோறும் வாசிப்பும் பிழைதிருத்தமும் வேண்டும். தேர்ச்சி அறிக்கையை ஏந்திவரும் பிள்ளையிடம், ‘எத்தனை மதிப்பெண்?’ என்பதோடு, ‘எங்கே இடறினாய்? எவ்வாறு திருத்தலாம்?’ என்றும் பெற்றோர் வினவுதல் நன்று.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்க.