சாவி யார் கையில்?

மனநோயிலிருந்து மீண்டவர்கள் தம்மைப் போன்றவர்களுக்காகத் தாங்களே நடத்தும் அமைப்புகள் பல நாடுகளில் இயங்குகின்றன. அப்படி ஓர் அமைப்புக்குத் தலைமை தாங்குவது எப்படிப்பட்ட பொறுப்பு? அதைத்தான் இன்று பேசப்போகிறேன். இதற்கு அமெரிக்காவின் ஜூடி சேம்பர்லின் நல்ல வழிகாட்டி.

1966-ல் அவருக்கு வயது 21. கரு கலைந்துபோனது. அதைத் தொடர்ந்து கடுமையான மனச்சோர்வு. முதலில் தாமாகவே போய் மருத்துவமனையில் சேர்ந்தார். பிறகு மனச்சிதைவு என்று முடிவுகட்டி, அவருடைய விருப்பத்துக்கு மாறாக ஐந்து மாதம் உள்ளேயே வைத்திருந்தார்கள். எந்த மருந்து, எப்போது வீடு, எதிலும் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை. வெளியே வந்தவர், முன்னாள் நோயாளிகளின் உரிமை இயக்கத்தில் சேர்ந்தார்.

கனடாவின் வான்கூவரில் 1971-ல் தொடங்கிய மனநோயாளர் சங்கத்தை அவர் நெருங்கிப் பார்த்தார். அங்கே பொதுக்கூட்டம் கூடித்தான் முடிவெடுப்பார்கள். பொறுப்பாளர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். இதையெல்லாம் 1978-ல் வெளிவந்த ‘ஆன் அவர் ஓன்’ என்ற நூலில் எழுதினார். இத்தகைய அமைப்புகளை அதில் மூன்று வகையாகப் பிரிக்கிறார். முதல் வகையில் நிபுணர்களும் மற்றவர்களும் கூட்டாக நடத்துவார்கள். ஆனால் உதவி தருபவர் ஒருவர், பெறுபவர் இன்னொருவர் என்ற கோடு அழியாது. இரண்டாவதில் நோய் கண்டவரும் காணாதவரும் சமமாக இருப்பார்கள். நிபுணர்களுக்கு உள்நிர்வாகத்தில் இடமில்லை. மூன்றாவதில் முன்னாள் நோயாளிகள் மட்டுமே. முதல் வகையை அவர் உண்மையான மாற்றாக ஏற்கவில்லை. பெயரளவுக்கு ஒருவரை மேடையில் உட்காரவைத்துவிட்டு, பணப்பெட்டியையும் கதவுச் சாவியையும் வேறொருவர் வைத்திருந்தால் என்ன பயன்?

1985-ல் பாஸ்டன் பகுதியில் ரூபி ராஜர்ஸ் மையத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அதை நடத்தியவர்கள் மனநல சிகிச்சை பெற்றவர்களே.

இத்தகைய இடத்தின் தலைவருக்கு முதல் சோதனை பணத்தில் வரும். 1999-ல் ஜார்ஜியா மாநிலம், மீண்டவர்கள் தரும் துணைக்கு மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டத்திலிருந்து பணம் கொடுக்கத் தொடங்கியது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. பலருக்குச் சம்பளமுள்ள வேலை கிடைத்தது. அது பெரிய நன்மை. கூடவே படிவமும் வந்தது. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர், இன்று பேச்சு முடிந்ததும் குறிப்பு எழுத வேண்டும். தோழமை மெல்லக் கண்காணிப்பாக மாறிவிடாமல் காப்பது தலைவரின் வேலை. எழுதுவதை அந்த உறுப்பினரோடு சேர்ந்தே எழுதலாம். எழுதியதை அவரிடமே காட்டலாம்.

இரண்டாவது சோதனை, நோய் திரும்புவது. கூட வேலை பார்ப்பவருக்கும் திரும்பலாம், தலைவருக்கும் திரும்பலாம். அதற்காக ஒருவரை ஒதுக்கினால் அமைப்பின் அடிப்படையே பொய்யாகிவிடும். கண்டும் காணாமல் இருந்தால் நம்பி வந்தவர்கள் பாதிக்கப்படுவார்கள். ஆகவே, நலமாக இருக்கும்போதே ஒவ்வொருவரும் எழுதிவைக்க வேண்டும்: எனக்கு என்ன அறிகுறி முதலில் தெரியும், யாரைக் கூப்பிட வேண்டும், என் வேலையை யார் பார்ப்பார், நான் எப்படித் திரும்பி வருவேன். தலைவர் முதலில் தம்முடையதை எழுத வேண்டும். கணக்கும் கையெழுத்தும் தெரிந்த இன்னும் இரண்டு பேரை உருவாக்காதவர் நல்ல தலைவர் அல்ல.

மீண்டவர்களே பொறுப்பேற்பது நமக்கு அந்நியமான சங்கதி அன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் நிறைவேறியது. அதை உருவாக்கும் பேச்சுகளில் மனநல சிகிச்சை பெற்றவர்களின் அமைப்புகளும் பங்கேற்றன. இந்தியா 2007-ல் அதை ஏற்றது. அதற்கு இசைவாக வந்ததுதான் 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். மத்திய மனநல ஆணையத்தில், மனநோய் உள்ளவர்களின் அல்லது இருந்தவர்களின் பிரதிநிதிகளாக இரண்டு பேர் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

ஜூடி சேம்பர்லின் 2010-ல் மறைந்தார். அதிகாரம் யார் கையில் என்று அவர் எழுப்பிய கேள்வி நம் ஊர் அமைப்புகளுக்கும் பொருந்தும். மனநலத்துக்காகவோ குடிநோய் மீட்புக்காகவோ நடக்கும் ஓர் அமைப்பில் நீங்கள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: நம் நிர்வாகக் குழுவில் மீண்டவர்கள் எத்தனை பேர்? வரவு செலவில் அவர்களுக்கு வாக்கு உண்டா? இல்லையென்றால், முதல் நாற்காலியை நீங்களே போடுங்கள்.