கண்ணைத் திறந்துட்டா போதுமா?



நான் ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய அறையில் வேலை பார்க்கும் நர்ஸ். நுரையீரல் சிகிச்சை முடிந்தவர்கள் மயக்கம் தெளியும் வரை என் பார்வையில்தான் இருப்பார்கள். மூச்சுக்குழாயில் கடலை சிக்கின குழந்தையும் வரும். குழாய் விட்டு சதை எடுத்துப் பரிசோதிக்க வந்த பெரியவரும் வருவார். வெளியே நிற்கிற சொந்தக்காரங்க கேட்பது ஒண்ணுதான்: "சிஸ்டர், கண்ணைத் திறந்துட்டாங்களா?"

கண்ணைத் திறப்பது ஆரம்பம்தான். நாங்க ஐந்து விஷயம் பார்ப்போம். கை கால் நாலையும் அசைக்கிறாங்களா, ஆழமா மூச்சு இழுத்து இருமுறாங்களா, ரத்த அழுத்தம் முன்னாடி இருந்த அளவுக்குத் திரும்பிடுச்சா, நல்லா விழிச்சிருக்காங்களா, ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் 2 மார்க், மொத்தம் 10. பொதுவாக 9 வந்தால்தான் வார்டுக்கு அனுப்புவோம். 1970-இல் ஆல்ட்ரெட் என்ற மயக்க மருத்துவர் வெளியிட்ட கணக்கு இது. அப்போது உடம்பின் நிறத்தைப் பார்த்து மார்க் போட்டார்கள். இப்போது ஆக்ஸிஜன் அளவு. கொரோனா நேரத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்தக் கருவிதான். கூப்பிட்டால் முழித்து, திரும்பத் தூங்கிவிடுகிறவருக்கு விழிப்பில் 1 மார்க்தான்.

மார்க் வந்தாலும் தொண்டை விஷயம் பாக்கி இருக்கு. குழாய் விடும்போது தொண்டை மரத்துப்போக மருந்து தெளிப்பாங்க. அது தெளிய ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். "காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லுல படலியே" என்று முந்தானையில் மறைத்துக் காபி கொண்டு வருகிற அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். பாசம்தான், புரியுது. புரை ஏறினா யாரோ நினைக்கிறாங்கன்னு தலையில தட்டுவோம். மரத்த தொண்டைக்குப் புரை ஏறுவதே தெரியாது. காபி சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிடும். நாங்க சொன்ன பிறகு, உட்கார வெச்சு, முதலில் ஒரு வாய் தண்ணி. இருமல் வராமல் விழுங்கினால்தான் மற்றது.

அன்றே வீட்டுக்கு அனுப்பினாலும் 24 மணி நேரம் கூட ஒரு பெரியவர் இருக்கணும். வண்டி ஓட்டக் கூடாது, அடுப்படியில் தனியாக விடக் கூடாது. ஊக்குநர்களுக்குத் தனியாக ஒண்ணு: அந்த ஒரு நாள் எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்காதீங்க. நல்லாப் பேசுவாங்க, சிரிப்பாங்க. மறுநாள் கேட்டால் என்ன பேசினோம்னே நினைவிருக்காது. பேங்க் தேதியைத் தள்ளிக் கேட்கலாம்.

சளியில் கொஞ்சம் ரத்தக் கீற்று, தொண்டைக் கரகரப்பு, அன்று இரவு லேசான காய்ச்சல் வரலாம். ஆனால் ரத்தமாகவே துப்பினாலோ, திடீரென நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினாலோ, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. 108-க்குப் போன் போட்டு, இன்னிக்கு நுரையீரலுக்குள்ள குழாய் விட்டாங்கன்னு முதல்ல சொல்லுங்க. டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தா சாப்பாட்டு நேரத்தில் வந்து கேளுங்க, இங்கேதான் இருப்பேன்.