வாசல் கட்டையும் பின்மேட்டுக் கட்டையும்

(லயக் கூட்டமொன்றில் பேசியது)



போன கூட்டத்திலே ஒரு அம்மா கேட்டாங்க: "சவுக்கு மரத்தை வெட்டிட்டுப் போயிட்டாங்க. கட்டை வாசலிலேயே கிடக்குது. நாங்களே எடுக்கலாமா?" எடுக்கலாம். ஆனால் எல்லாக் கட்டையையும் எடுக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் இன்று வந்தோம்.

சமதரையில் உள்ள வாசல் கட்டையைத் தாராளமாகத் தோண்டலாம். தோட்டக் காணி என்றபடியால் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறதென்றும் கேளுங்கள். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும். கட்டையிலிருந்து இரண்டு அடி தள்ளி வட்டமாகத் தோண்டி, பக்க வேர்களை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வெட்டுங்க, இல்லாவிட்டால் கோடரி வாய் மழுங்கிப் போகும். பிறகு அலவாங்கு கொடுத்து நெம்பலாம். மரம் வெட்ட வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி மூன்று நாலடி விட்டு வெட்டச் சொன்னால், கயிறு கட்டி இழுக்கப் பிடி இருக்கும். தரையோடு வெட்டிய கட்டைதான் முதுகை ஒடிக்கும்.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்த வேண்டாம். நெருப்பு வேர்வழியே உள்ளுக்குள் கனன்று கிடக்கும். பிள்ளைகள் தெரியாமல் மிதித்துவிடுவார்கள்.

பென்சில் பருமன் வேரையும் பொறுக்கி எடுங்கள். செத்த சவுக்கு வேரிலிருந்து தேயிலைக்கு வேர்நோய் தாவுவது மலையில் வேலை செய்கிற உங்களுக்குத் தெரியாததா? குழியை அன்றே மூடி, மிதித்து, கொஞ்சம் மேடாக விடுங்கள். மழைக்கு இறங்கும். மேல் மண்ணில் சாணம் கலந்து போஞ்சியோ லீக்ஸோ போடலாம்.

இனி பின்மேடு. இங்கே எங்கள் தவறையும் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தில் சிரமதானம் என்று, லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் நின்ற கட்டைகளை எல்லாம் நாங்களே முன்னின்று பிடுங்க வைத்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் மேடு சரிந்து இரண்டு காம்பராக்களின் குசினிக்குள் மண் வந்துவிட்டது. எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம், அதனால் உயிர் தப்பியது. மண்ணைப் பிடித்திருந்த வேர்களைத்தான் நாங்கள் பிடுங்கியிருக்கிறோம். குழிகளில் தண்ணீரும் தங்கிவிட்டது.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. அது மலையே இறங்கிய சரிவு, கட்டை பிடுங்கி வந்ததல்ல. என்றாலும் தலைக்கு மேலே நிற்கிற மண்ணோடு விளையாட எங்களுக்கு இனித் தைரியமில்லை.

ஆகவே மேட்டுக் கட்டையை அப்படியே விடுங்கள். செத்த வேரும் சில வருஷத்தில் உக்கிப் போகும். அதற்கு முன்பே சுற்றி மானாப்புல்லோ வெட்டிவேரோ நட்டு விடுங்கள். யூக்கலிப்டஸ் கட்டை துளிர்த்தால் நல்லதுதான், உயரவிடாமல் வெட்டி வெட்டிப் புதராக வைத்திருங்கள். மேலே உள்ள கானைத் துப்புரவாக வையுங்கள். மேட்டில் வெடிப்பு கண்டாலோ, திடீரென்று கலங்கல் தண்ணீர் ஊறினாலோ, சாமானைப் பார்க்காமல் முதலில் வெளியே வாங்க. கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.

எங்களிடம் இரண்டு அலவாங்கும் ஒரு கயிறும் இருக்கின்றன. கட்டை எங்கே நிற்கிறதென்று சொல்லுங்க, வந்து பார்த்துவிட்டுத் தருவோம்.