பழம் எங்கே அழுகத் தொடங்குகிறது?

(பினாங்கில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் விவசாய நிபுணர் இல்லை. பொதுத்தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்று, நிகழ்ச்சி படைப்பதைத் தொழிலாகக் கொண்டவள். ஆனால் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகாதவர் நம்மில் யார்? "நல்ல பழமாகப் பார்த்து வாங்கினேன், மூன்றாம் நாளே கரும்புள்ளி விழுந்து குழைந்துவிட்டது, ஏன்?" என்று கேட்காத இல்லத்தரசி உண்டா? அந்தக் கேள்வியையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

பழம் கெட்டால் நாம் முதலில் வியாபாரியைத்தான் திட்டுகிறோம். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்கிறோம். உண்மையில் அந்தப் பப்பாளி, கடைக்கு வருவதற்கு வெகு நாள் முன்பே தன் எதிரியைச் சுமந்துகொண்டுதான் வந்தது.

கொலெட்டோட்ரைக்கம் என்று ஒரு பூசணம். தோட்டத்தில் மழை பெய்யும்போது, காய்ந்த இலையிலிருந்து தெறிக்கும் நீர்த்துளியோடு அதன் வித்து காயின் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். காய் பச்சையாக இருக்கும்வரை அதனால் வளர முடியாது. தோலில் காலை ஊன்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கும். காய் பழுத்து, தோல் இளகி, இனிப்பு ஏறும்போது விழித்துக்கொள்ளும். பப்பாளியிலும் மாம்பழத்திலும் நாம் பார்க்கும் கரும்புள்ளி பெரும்பாலும் இதன் வேலைதான். மார்டி எனப்படும் நம் நாட்டு விவசாய ஆய்வுக் கழகம் 1987-இல் வெளியிட்ட எக்சோட்டிக்கா பப்பாளியும் இதற்குத் தப்பவில்லை.

இன்னொரு வகைப் பூசணம், கதவு திறந்திருந்தால்தான் உள்ளே நுழையும். சீனப் புத்தாண்டுக் காலத்தில் பெட்டி பெட்டியாக ஆரஞ்சு வாங்குகிறோம். அதில் பச்சையாகவும் நீலமாகவும் மாவு பூத்தது போல் படர்வது பெனிசிலியம். தோல் முழுதாக இருக்கும் பழத்தை இதனால் எளிதில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நகக்கீறல் போதும், உள்ளே புகுந்துவிடும். பிறகு பக்கத்துப் பழங்களும் தூள் படிந்து பாழாகும்.

வியாபாரியின் கணக்கு

ஓர் அங்காடிக்காரர் 20 கிலோ தக்காளியை 50 வெள்ளிக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 3 வெள்ளிக்கு விற்றால் 60 வெள்ளி வரும். அதில் 3 கிலோ அழுகிவிட்டால் கையில் வருவது 51 வெள்ளி. விடியற்காலையில் எழுந்து வந்ததற்கு மிச்சம் ஒரே ஒரு வெள்ளி! நான்கு கிலோ போனால் கைமுதலே நட்டம். அந்த நட்டத்தை ஈடுகட்ட மறுநாள் விலை ஏறும். ஆக, அழுகிய தக்காளிக்கும் சேர்த்து நாம்தான் காசு கொடுக்கிறோம்.

உலக அளவிலும் இதே கதைதான். அறுவடைக்குப் பிறகு, சில்லறைக் கடைக்கு வந்து சேருமுன்னரே சுமார் 14 விழுக்காட்டு உணவு வீணாகிறது என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2019-இல் அறிவித்தது.

கேமரன் மலையின் குளிரில் விளைந்த காய்கறி லோரியில் இறங்கி நம் வெப்பத்துக்கு வருகிறது. குளிர்ந்த காயின் மேல் சூடான ஈரக்காற்று பட்டதும் அது 'வியர்க்கிறது'. பூசண வித்து முளைக்க அந்த ஈரம் போதும். அளவுக்கு மீறி அடுக்கிய பெட்டியில் அடியில் இருப்பவை நசுங்கினால், வழியும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது.

மருந்து தெளிக்காமல் முடியாதா?

இதற்கு அறிவியல் நல்ல பதில்கள் வைத்திருக்கிறது. பப்பாளியை 49 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் மூழ்க வைத்தால், தோலில் ஒளிந்திருக்கும் பூசணம் அடங்கும், பழம் வேகாது என்பதை ஹவாயில் அக்கமினே, அரிசுமி என்ற இரு ஆய்வாளர்கள் 1953-லேயே காட்டினார்கள். சூடு கொஞ்சம் கூடினாலும் பழம் கெடும் என்பதால் இது பொட்டலமிடும் கூடத்தில், கருவி வைத்துச் செய்யவேண்டிய வேலை. வீட்டில் முயல வேண்டாம்.

நம் நாட்டிலும் செமினியில் உள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக மலேசிய வளாகத்து ஆய்வாளர்கள், நம் கருவேல மரத்தின் உறவான ஒரு மரத்தின் பிசினையும் இலவங்கப்பட்டை எண்ணெயையும் கலந்து வாழைப்பழத்துக்கும் பப்பாளிக்கும் மெல்லிய பூச்சு கொடுத்துப் பார்த்தார்கள். கரும்புள்ளி நோய் குறைந்தது என்று 2011-இல் எழுதினார்கள். நம் சமையலறை அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் பொருளுக்கு இவ்வளவு ஆற்றல்!

நம் வீட்டில் செய்யக்கூடியது

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் கொண்டுபோக வாழைப்பழம் நிறைய வாங்குகிறோம். தாரிலிருந்து சீப்பை வெட்டிய இடத்தைப் பாருங்கள். அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். வெட்டு சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கும் சீப்பையே எடுங்கள்.

பெரிய வெங்காயத்தின் தோலுக்கடியில் கரித்தூள் போல் இருப்பதும் பூசணம்தான். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பெருகும். காற்றாடும் கூடையில் ஈரமின்றி வையுங்கள். வெளித்தோலில் மட்டும் இருந்தால் உரித்துக் கழுவிப் பயன்படுத்தலாம், உள்ளே குழைந்திருந்தால் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஐஸ் பெட்டிக்குள் தள்ளுவதும் சரியல்ல. பழுக்காத தக்காளி, வாழை, பப்பாளி ஆகியவை கடுங்குளிர் பட்டால் தோல் நலிந்து, வெளியே எடுத்ததும் விரைவில் அழுகும். பழுத்த பிறகு வையுங்கள். காய்கறியைக் கழுவி ஈரத்தோடு அடுக்காதீர்கள், சமைக்கும்போது கழுவினால் போதும். ஒன்று அழுகினால் அன்றே எடுத்து எறியுங்கள்.

"பூசணம் பிடித்த பக்கத்தை வெட்டிவிட்டுச் சாப்பிடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. கேரட், முட்டைக்கோஸ் போன்ற கெட்டியான காய்களில், சுற்றிலும் ஓர் அங்குலம் தாராளமாக வெட்டி நீக்கலாம். மென்மையான பழங்களில் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். அழுகிய ஆப்பிளில் பட்டூலின் என்ற நச்சு உண்டாகக்கூடும். அது வேகவைத்தாலும் முழுவதும் அழியாது. பிள்ளைகளுக்குச் சாறு பிழியும் தாய்மார்கள் இதை மறக்கக்கூடாது.

நம் சௌராஸ்டா மார்க்கெட்டில் ஜாதிக்காயும் மாங்காயும் உப்பிலும் சீனியிலும் ஊறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூசணத்துக்கு வேண்டிய நீரை உப்பும் சீனியும் இழுத்துக்கொள்கின்றன. மிஞ்சிய நல்ல காயைக் கெடவிடாமல் காக்கும் பழைய வழி அது. ஆனால் கெட்டுப்போன காயை ஊறவைத்து மீட்க முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சந்தையில் பழம் பழுத்ததா என்று பார்க்க, கட்டைவிரலால் அழுத்திவிட்டு வைத்துவிடுகிறோம். அதே பழத்தை அடுத்தவரும் அழுத்துகிறார். பத்துப் பேர் அழுத்திய பழம் யார் வீட்டுக்குப் போனாலும் அழுகத்தான் செய்யும். நிறத்தைப் பாருங்கள், காம்படியை முகர்ந்து பாருங்கள், கடைக்காரரையே கேளுங்கள். நாம் அழுத்தாமல் வைத்துவிட்டு வரும் பழம், அவருடைய அன்றைய வருமானம். இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உணவு.