எங்கள் வீட்டுக் குப்பு

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்த மேடையில் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் அறிஞர்கள் பேசக் கேட்டிருக்கிறீர்கள். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்து, நாள் முழுதும் சரக்கு ரசீதுகளோடு உறவாடுகின்றவன். "உமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசும்" என்று செயலாளர் கட்டளையிட்டார். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு பூனை. ஆகவே பூனையைப் பற்றியே பேசத் துணிந்தேன்.

பூனை என்றதும் சிரிக்கிறீர்கள். நம் முன்னோர் அதனை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடவில்லை. தொல்காப்பிய மரபியலில் எந்த விலங்கின் இளமைக்கு எந்தப் பெயர் என்று வகுக்குமிடத்து, வெருகின் பிள்ளைக்குக் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்று சொல்லப்பட்டிருக்கிறது. வெருகு என்பது காட்டுப் பூனை. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார், மாலை வேளையில் வேலியோரம் வெருகு வரக்கண்டு தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் கோழியைக் காட்டுகிறார். கம்பநாடரோ தம் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிட நினைத்த பூனையாகத் தம்மையே சொல்லிக்கொண்டார். பாரதியார் 'முரசு' பாட்டில், ஒரு தாய்ப் பூனையின் பல நிறக் குட்டிகளைக் கொண்டு, நிறத்தால் மனிதருக்குள் உயர்வு தாழ்வு இல்லை என்று காட்டினார். இத்தனை பேர் தொட்ட பொருளை நானும் தொடுவதில் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் பூனையின் கதையைச் சொல்வதென்றால் என் அன்னையாரிடமிருந்து தொடங்க வேண்டும்.

2012-ஆம் ஆண்டில் என் தந்தையார் காலமானார். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் அம்மா தனியே இருப்பது இயலாது என்று, வீட்டைப் பூட்டிச் சாவியைத் தமக்கையிடம் கொடுத்துவிட்டு, அவரைக் கரக்பூருக்கு அழைத்து வந்தேன். நம் ஊர் நிலையத்தின் நடைமேடை உங்களுக்குத் தெரியாததன்று. 1072 மீட்டர் நீளம். 2013-இல் கோரக்பூரும், 2023-இல் ஹூப்பள்ளியும் முந்திக்கொள்ளும்வரை, உலகிலேயே நீளமான நடைமேடை என்று நாம் பெருமை பேசி வந்தோமல்லவா? அம்மா அன்று அதில் நடந்து வந்தபோது, "இந்த மேடைக்கு முடிவே இல்லையாப்பா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி மேடையைப் பற்றியது மட்டுமன்று என்று எனக்குப் பட்டது.

இரண்டு அறைகள் கொண்ட குவார்ட்டர்ஸ். திண்ணை இல்லை; குளம் இல்லை; வாய்விட்டுப் பேச ஆள் இல்லை. நான் அலுவலகத்திற்கும், என் மனைவி பள்ளிக்கூடத்து வேலைக்கும் போய்விடுவோம். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளோ வாசலுக்குப் போனால் இந்தியும் வங்காளியும் தெலுங்கும் கலந்து ஒரு புது மொழி பேசுவாள். அம்மா சன்னல் ஓரத்துக் கட்டிலில் அமர்ந்து, போகிற கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். மாலையில் நான் வந்ததும் "இன்றைக்கு ஐம்பத்தெட்டு" என்பார்கள். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதற்சொல் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

அடுத்த வீட்டில் ஒரு வங்காளி அம்மையார் இருந்தார். அவரும் கணவரை இழந்து மகன் வீட்டில் வாழ்பவர்தாம். முதல்நாள் அவர் அன்போடு வந்து, "திதி, கேமோன் ஆச்சேன்?" என்று அம்மாவை விசாரித்தார். வங்காளத்தில் திதி என்றால் அக்காள். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? "உயிரோடு இருக்கிறவளைப் பார்த்துத் திதி என்கிறாளே!" என்று முகம் வாடி உள்ளே போய்விட்டார்கள். நான் விளக்கிச் சொல்லியும் பல மாதங்கள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

2013 ஜூலை மாதம். மழை நான்கு நாளாக விடாமல் பெய்தது. என் மகள் சாக்கடையோரம் கிடந்த ஒரு பூனைக்குட்டியைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என்று மூன்று நிறம். நனைந்து எலிக்குஞ்சு போல் இருந்தது. அம்மா, "பூனை குறுக்கே போனாலே காரியம் கெடும், இதை நடுவீட்டிலேயே கொண்டுவந்து வைக்கிறாயே!" என்று கடிந்தார்கள். அந்தக் கூச்சலைக் கேட்டு அடுத்த வீட்டு அம்மையார் வந்துவிட்டார். குட்டியைக் கண்டதும் இரு கைகளையும் குவித்துத் தலைக்கு மேல் உயர்த்தினார். "மா ஷஷ்டியின் வாகனம்! விரட்டாதே, திதி!" என்றார்.

வங்காளத்தில் ஷஷ்டி தேவி குழந்தைகளைக் காக்கும் தெய்வம். பூனை அவளுடைய வாகனம். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஷஷ்டி என்ற சொல் அம்மாவின் காதில் வேறு விதமாக விழுந்தது. அம்மா ஐப்பசிதோறும் கந்தசஷ்டி விரதம் தவறாதவர்கள். "நம் முருகனுடைய சஷ்டியா?" என்று கேட்டார்கள். வடநூல்களில் கந்தனின் தேவியாகிய தேவசேனைக்கு ஷஷ்டி என்றும் ஒரு பெயர் உண்டு. ஆகவே ஆம் என்று சொல்வதில் எனக்குத் தடையிருக்கவில்லை. அம்மா சிறிது நேரம் குட்டியையே பார்த்தார்கள். பின் தம் பழம்புடவை ஒன்றைக் கிழித்து அதனைத் துவட்டினார்கள்.

குட்டி பிழைக்குமா என்பது ஐயமாகவே இருந்தது. நம் பக்கத்தில் பிள்ளைகள் தங்காத வீட்டில் குப்பை என்றும் பிச்சை என்றும் பேரிடும் வழக்கம் உண்டு. இழிந்த பேர் வைத்தால் எமன் கண் படாது என்பது கருத்து. அம்மா அதற்குக் 'குப்பு' என்று பேரிட்டார்கள். அடுத்த வீட்டில் அதன் பேர் 'மினி'. இரண்டு பேருக்கும் அது திரும்பிப் பார்த்தது. எங்கள் வீட்டில் சைவம். அங்கே நாள்தோறும் மீன். காலையில் எங்கள் வீட்டில் தயிர்ச்சாதத்தை மரியாதைக்காக ஒரு வாய் தொட்டுவிட்டு, பதினொரு மணிக்கு அங்கே சென்று வயிறார உண்டு, மீண்டும் வந்து ஒன்றும் அறியாததுபோல் அம்மாவின் காலடியில் படுத்துக்கொள்ளும். அதன் மீசையில் மீன் நாற்றம் அடிக்கும். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டே அதனைத் தடவிக் கொடுப்பார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது மிகவும் அரிது என்று விலங்கியல் அறிஞர்கள் கூறுகின்றனர். குட்டி தன் தாயை அழைக்கும் குரல் அது. வளர்ந்த பின் பூனை அக்குரலை மனிதருக்கென்றே வைத்துக்கொள்கிறது. குப்பு நாள் முழுதும் அம்மாவிடம் பேசியது. அம்மாவும் பதில் சொன்னார்கள். நான் மாலையில் சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளே பேச்சுக் குரல் கேட்கும். யாரோ விருந்தினர் வந்திருப்பதாக முதலில் எண்ணினேன். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவையும், நிலத்துத் தகராற்றையும், என் சிறுவயதுச் சேட்டைகளையும் குப்புதான் முழுமையாகக் கேட்டது, நான் கேட்டதில்லை.

இருந்தாலும் ஊர் நினைவு அவரை விடவில்லை. 2014 கோடையில், "என் வீட்டில் போய் என் அடுப்பை மூட்டிக்கொள்கிறேன்" என்று பிடிவாதமாக நின்றார்கள். அழுகை இல்லை, சண்டை இல்லை. சொன்னதையே சொல்வார்கள். நானும் விடுமுறை எழுதிக்கொடுத்து, பாஸ் வாங்கி, கோரமண்டல் விரைவு வண்டியில் இடமும் பதிவு செய்தேன். சென்னைக்கே 1500 கிலோமீட்டருக்கு மேல், அப்பால் கும்பகோணம். அங்கே தனி வீட்டில் இரவில் நெஞ்சு வலித்தால் யார் கதவைத் தட்டுவது? என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா மட்டும் தம் தகரப் பெட்டியில் நூல் புடவைகளை அடுக்கி, மேலே விபூதிப் பையை வைத்து, மூடியைத் திறந்தபடியே வைத்திருந்தார்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பினார்கள். பெட்டிக்குள் புடவைகளின் மேல் குப்பு படுத்திருந்தது. அதன் வயிற்றோரம் நான்கு குட்டிகள், கண் திறக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டுகொண்டிருந்தன. அது சூல் கொண்டிருந்தது எங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் அத்தனை மூலை முடுக்குகள் இருக்க, இந்த இடத்தைத் தேடிக்கொள்ளும் என்று யார் நினைத்தார்கள்?

"வேறு பெட்டி தருகிறேன் அம்மா" என்றேன்.

"பிள்ளை பெற்றவளைப் பத்து நாளைக்குள் யாராவது இடம் மாற்றுவார்களா? போய் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாப்பா" என்றார்கள்.

அம்மா பிறகும் ஊருக்குப் போய்வந்தார்கள், கலியாணங்களுக்காக. ஆனால் தங்குவதற்கென்று பெட்டி கட்டவில்லை.

குட்டிகளுக்குக் கண் திறந்து சில நாளில், பூனை வழக்கப்படி குப்பு அவற்றை இடம் மாற்றத் தொடங்கியது. தாய்ப் பூனை குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கும்போது குட்டி சற்றும் முரண்டாது, கால்களைச் சுருட்டிக்கொண்டு அப்படியே தொங்கும். குரங்குக் குட்டியோ தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். வைணவப் பெரியோர் இவ்விரண்டையும் வைத்தல்லவா தென்கலை வடகலைக் கொள்கைகளை விளக்கினர்! மார்ஜார நியாயம் என்று காதால் கேட்டிருந்த என் மனைவி, அதனை நம் வீட்டு நடையிலேயே கண்ணால் கண்டாள். முதலில் பரண், பிறகு குளியலறைக் கூடை, பிறகு அடுத்த வீட்டு அரிசிப் பீப்பாய்க்குப் பின்புறம். மாற்றல் உத்தரவு பெற்ற இரயில்வே ஊழியன்கூட இவ்வளவு விரைவில் வீடு மாற்றமாட்டான்.

குட்டிகள் அடுத்த வீட்டுக்குப் போய்விடவே, அவற்றைப் பார்க்க அம்மாவும் அங்கே போகவேண்டியதாயிற்று. அவர்கள் அவ்வீட்டு வாசற்படியை மிதித்தது அதுவே முதல் முறை. அது வங்காளிகளின் ஜ்யைஷ்ட மாதம். அரண்ய ஷஷ்டி நோன்பன்று அந்த அம்மையார் கையாலும் கண்ணாலும் ஒரு கதை சொன்னார். ஒரு வீட்டு இளைய மருமகள் பண்டங்களைத் திருடித் தின்றுவிட்டுப் பழியை ஒரு கறுப்புப் பூனையின் மேல் போடுவாள். பூனை ஷஷ்டி தேவியிடம் முறையிட்டு, அவள் பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சென்றுவிடும். அவள் அழுது மன்னிப்புக் கேட்ட பின்பே பிள்ளைகள் திரும்பக் கிடைக்கும். அம்மாவுக்கு வங்காளி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் கதை முழுவதும் அன்றிரவு என் மகளுக்குத் தமிழில் வந்து சேர்ந்தது. அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் 'திதி' என்றே அழைத்துக்கொண்டனர். பிற்பகல் இரண்டு மணிக்கு இரு முதியவர்களும் நடுவே பூனையுமாக அமர்ந்திருப்பது எங்கள் தெருவில் எல்லோரும் அறிந்த காட்சியாயிற்று. குட்டிகள் பெரியவையானதும் நல்ல இடங்கள் பார்த்துக் கொடுத்தோம். குப்புவுக்கு மருத்துவரிடம் கருத்தடையும் செய்துவிட்டோம்.

2019 சனவரியில், மார்கழி முடிவதற்குள், அம்மா இயற்கை எய்தினார்கள். இதயம் தளர்ந்துவிட்டது என்றார் மருத்துவர். கடைசி இரண்டு வாரமும் குப்பு கட்டிலை விட்டு இறங்கியது அரிது. மரணத்தைப் பூனை அறியுமா என்று வாதாட நான் வரவில்லை; கண்டதைச் சொல்கிறேன். எல்லாம் முடிந்து கட்டில் வெறுமையான பின், மூன்று நாள் அது உணவைத் தொடவில்லை. அறைக்கு அறை சென்று, அந்தக் குட்டிக் குரலில் அழைத்தது. நான்காம் நாள் அடுத்த வீட்டு அம்மையார் மீன் தட்டோடு வந்து, சற்றுத் தயங்கி நின்றார். சைவ வீடு, அதுவும் துக்க வீடு. என் மனைவி, "உள்ளே வாருங்கள், மாசிமா" என்றாள். அவர் கட்டிலருகே தரையில் அமர்ந்து, முள் நீக்கி, விரல் நுனியால் ஊட்டினார். ஒரு மணி நேரத்திற்குப் பின் அது தின்றது.

மறு ஆண்டுத் தொடக்கத்தில் அம்மாவின் ஆண்டு நினைவு வந்தது. வாசலில் வாழையிலை வந்து இறங்கியதைக் கண்டு, "இன்று என்ன விசேடம்?" என்று அவர் கேட்டார். "திதி" என்றேன். "ஆமாம், திதி" என்றார் அவர். அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இரண்டும் சரியாகவே இருந்தது.

அவ்வாண்டு மார்ச்சு 22-ஆம் நாள் நாடெங்கும் பயணிகள் வண்டிகள் நின்றன. கூட்ஸ் மட்டும் ஓடியதால் எனக்கு வேலை இருந்தது. அடுத்த வீட்டுக் கதவையும் நோய் அச்சத்தால் சாத்திவிட்டார்கள். குப்பு ஒன்றுதான் இரு வீட்டுக்கும் போய்வந்தது.

சப்பானில் கிஷி என்னும் சிறு நிலையத்தில் 'டாமா' என்ற பூனையை 2007-இல் நிலைய அதிகாரியாகவே நியமித்துத் தொப்பியும் அணிவித்தார்கள். அதுவும் குப்புவைப் போல மூன்று நிறம்தான். நட்டத்தில் ஓடிய அந்தப் பாதைக்கு அதனைக் காணவே பயணிகள் வந்தனராம். 2015-இல் அது இறந்தபோது அங்கே தெய்வமாகவே போற்றினார்கள். எங்கள் குப்புவுக்குப் பதவி ஒன்றும் இல்லை, பாஸும் இல்லை.

2024 நவம்பரில் அது மறைந்தது. முதுமையில் பல பூனைகளுக்கு வரும் சிறுநீரக நோய்தான். ஓயாமல் தண்ணீர் குடித்து, உடல் இளைத்துப் போயிற்று. கல்லூரி விடுதியிலிருந்த மகள் இரவு வண்டி பிடித்து வந்துவிட்டாள். பின்கட்டில் கொய்யா மரத்தடியில் புதைத்தோம். முதுகு வளைந்துவிட்ட அந்த அம்மையார் மகனின் தோளைப் பற்றிக்கொண்டு வந்து, ஒரு செம்பருத்தியை இட்டார். அம்மாவின் பழம்புடவையில் சுற்றியிருந்ததைப் பார்த்து, அந்தப் புடவையின் கரையைச் சற்று நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

பெட்டியில் பிறந்த நான்கில் ஒன்று எங்கள் சரக்குக் கொட்டகைக்குப் போயிற்று. அதன் வழிவந்தவை இன்றும் அங்கே கோதுமை மூட்டைகளுக்கிடையே எலி பிடித்து வருகின்றன. மூன்று நிறத்தில் ஒன்று இருக்கிறது. மூன்று நிறப் பூனை அநேகமாகப் பெண்ணாகவே இருக்கும், இதுவும் அப்படியே. பார்க்க விரும்பும் குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமை பெற்றோருடன் வரலாம்.