மூக்குக் கண்ணாடி விற்ற மாணாக்கர்

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடமே உலகமாக இருந்துவிட்டவன் நான். வாணிபத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்லப்போகும் கதையில் ஓர் ஆசிரியர் வருகிறார். அவர் செய்த பிழையும் வருகிறது. அதனால்தான் துணிந்தேன்.

அமெரிக்க நாட்டில் பிலடெல்பியா நகரில் வார்ட்டன் என்னும் வாணிபக் கல்லூரி இருக்கிறது. 1881-ஆம் ஆண்டில் தோன்றிய பழைய கல்லூரி. அங்கே படிக்க வந்த டேவ் கில்போவா என்பவர், விமானப் பயணத்தின்போது தம் மூக்குக் கண்ணாடியை மறந்து விட்டுவிட்டார். அதன் விலை 700 டாலர்! மீண்டும் அத்தனை பணம் கொடுக்க முடியாமல், முதற் பருவம் முழுவதும் கண்ணை இடுக்கிக்கொண்டே பாடம் கேட்டார். கைத் தொலைபேசியைவிடக் கண்ணாடிக்கு ஏன் அதிக விலை என்பது அவருக்கு விளங்கவில்லை.

உடன் பயின்ற நீல் புளூமென்தாலுக்கு விடை தெரியும். ஏழை நாடுகளில் குறைந்த விலைக் கண்ணாடியைக் கிராமத்துப் பெண்களைக் கொண்டு விற்பிக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவர் முன்பு பணிபுரிந்தவர். கண்ணாடியைச் செய்ய ஆகும் செலவு சொற்பம் என்பதை அறிந்தவர். இத்தாலியின் லக்ஸோட்டிகா போன்ற பெரு நிறுவனங்கள் சட்டகங்களையும் செய்தன; அவற்றை விற்கும் கடைகளையும் தம் கையில் வைத்திருந்தன. விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஆண்டுரூ ஹன்ட், ஜெப்ரி ரெய்டர் என்னும் இருவரும் சேர நால்வர் ஆயினர். இணையத்தின் வழியே, இடையில் கடைக்காரர் இன்றி, 95 டாலருக்கு விற்பதென்று தீர்மானித்தார்கள். முகத்தில் வைத்துப் பாராமல் யார் கண்ணாடி வாங்குவார்? இந்தத் தடைக்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: ஐந்து சட்டகங்களை வீட்டுக்கே இலவசமாக அனுப்பி, ஐந்து நாள் வைத்துப் பார்த்துத் திருப்பித் தரச் செய்தார்கள். கல்லூரி கொடுத்த 2,500 டாலரும் சொந்தச் சேமிப்பும் கைம்முதல்.

இனி அந்த ஆசிரியர். அதே கல்லூரிப் பேராசிரியர் ஆடம் கிரான்ட்டிடம் 2009-ஆம் ஆண்டில் இவர்கள் மூலதனம் கேட்டார்கள். கோடை விடுமுறையில் நால்வரும் வேறு நிறுவனங்களில் வேலை பார்த்தார்கள். தொழில் நொடித்தால் போய்ச் சேர வேறு உத்தியோகமும் பார்த்து வைத்திருந்தார்கள். முழு மனத்தோடு இறங்காதவர் எப்படி வெல்வார் என்று எண்ணிப் பேராசிரியர் மறுத்துவிட்டார்.

2010 பிப்ரவரியில் வார்பி பார்க்கர் என்ற பெயரில் தொழில் தொடங்கிற்று. ஓராண்டுக்கென்று குறித்த விற்பனை மூன்று வாரத்தில் முடிந்தது. காத்திருந்தோர் 20,000 பேர். கடை எங்கே என்று கேட்டவர்களைப் புளூமென்தால் தம் குடியிருப்புக்கே அழைத்து, சாப்பாட்டு மேஜைமேல் கண்ணாடிகளைப் பரப்பிக் காட்டினார். 2021-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் நிறுவனம் இடம்பெற்றது.

தாம் இழந்ததைக் கிரான்ட் மறைக்கவில்லை. 2016-இல் வெளியிட்ட நூலில் அதை முதல் அத்தியாயத்திலேயே எழுதினார். சாக்கிரதையைச் சோம்பலென்று எண்ணிவிட்டேன் என்பதே அதன் சாரம். ஆசிரியர் ஒருவர் இதை அச்சில் ஒப்புக்கொள்வது எளிதன்று, எனக்குத் தெரியும்.

1989-ஆம் ஆண்டில் என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். உயரமானவன்; ஆகையால் கடைசிப் பெஞ்சு. கரும்பலகையில் எழுதியதைப் படி என்றால் வாய் திறக்கமாட்டான். பிடிவாதமென்று கருதி எத்தனையோ நாள் பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். கண் பரிசோதனைக்கு வந்த மருத்துவர்தாம் சொன்னார், அவனுக்குப் பலகையில் எழுத்தே தெரியாதென்று. தகப்பனார் கூலி வேலை செய்பவர். கண்ணாடி வாங்க அவருக்கு ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் அவனை முதற் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த முதல் நாள், அவன் தன் பையை எடுத்துக்கொண்டு தானாகவே கடைசிப் பெஞ்சுக்குப் போனான்.