மானியம் கம்பெனிக்கு, வரி நமக்கா?
வீட்டு பேட்டரி: நம் கணக்கும் நம் கோரிக்கையும்

(ஒன்றிய விவசாயிகள் சங்கத்தின் ஆர்ப்பாட்ட ஆயத்தக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



மேடைக்குக் கீழே பாருங்க. மைக் செட்டுக்காரர் ஒரு பேட்டரியையும் சேர்த்துக் கொண்டு வந்து வைத்திருக்கிறார். ஏன் அண்ணே என்று கேட்டோம். "உங்க ஊர் கரண்டை நம்பி மைக் கட்ட முடியாதுங்க" என்றார். சிரிக்கிறீங்க. சிரிக்கிற விஷயந்தானா இது? அவர் பேட்டரிக்கு ஆன செலவு மைக் செட்டு வாடகையில் சேர்ந்துவிடும். நம் வீட்டில் வாங்கி வைக்கிற பேட்டரிக்கு ஆகிற செலவை யாரிடம் போய் வசூலிப்பது? இன்றைய பேச்சே இதைப் பற்றித்தான்.

இன்வெர்ட்டர் என்பது பணக்காரர் வீட்டுச் சாமான் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு வந்தபோது அது நம்ம தெருவுக்குள்ளும் வந்தது. பிறகு 2018 நவம்பர் 16. கஜா புயல் அடித்த அந்த ராத்திரியை பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் யாரும் மறக்க மாட்டோம். தென்னை விழுந்த இடத்திலேயே மின்கம்பமும் விழுந்து கிடந்தது. பல கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. தண்ணீர்த் தொட்டி நிரப்ப ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தோம். செல்போன் சார்ஜ் போடக் காசு கொடுத்து வரிசையில் நின்றோம். வெளிமாநிலங்களிலிருந்து வந்த மின் ஊழியர்களும் நம்ம லைன்மேன்களும் சோறு தண்ணி பார்க்காமல் கம்பம் நட்டார்கள். அவர்களுக்கு இப்போதும் நன்றி சொல்கிறோம். குறை சொல்வதெல்லாம் திட்டம் போடுகிறவர்களைத்தான்.

இப்போது ஊருக்கு ஊர் கடைக்காரர்கள் வருகிறார்கள். "சோலார் போடுங்க, பேட்டரி போடுங்க, கவர்மெண்டே பணம் தருது" என்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் பேட்டரி. 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் என்று எழுதிய ஈய பேட்டரியைத்தான் பெரும்பாலும் வாங்குகிறோம். பன்னிரண்டையும் நூற்றைம்பதையும் பெருக்கினால் 1,800 வாட் மணி, அதாவது 1.8 யூனிட். இது காகிதக் கணக்கு. முழுக்க வடித்தால் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். பாதி வரைக்கும் எடுப்பதே நல்லது. இன்வெர்ட்டர் தின்பதும் போனால் கைக்குக் கிடைப்பது முக்கால் யூனிட்டை ஒட்டித்தான். மூன்று எல்.இ.டி. பல்பும் பழைய மாடல் ஃபேன் இரண்டும் ஓடினால் நாலு மணி நேரம் தாங்கும். கரண்ட் கம்மியாக இழுக்கிற பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு மாட்டினால் அதே பேட்டரி எட்டு மணி நேரம் வரும். ஆகவே பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன்னால் ஃபேனை மாற்றுங்கள் என்பது சங்கத்தின் யோசனை.

விலை கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக பேட்டரி 16,000, இன்வெர்ட்டர் 8,000, மொத்தம் 24,000 என்று வைப்போம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டால் ஈய பேட்டரி ஐந்து வருஷம் ஓடும். அப்படியானால் பேட்டரிக்கு மட்டும் வருஷத்துக்கு 3,200. அதோடு, நாலு யூனிட் ஏற்றினால் திரும்பக் கிடைப்பது மூணுதான். மிச்சம் சூடாகப் போய்விடும். லித்தியம் பேட்டரியில் இந்த நஷ்டம் குறைவு, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, ஆயுளும் கூட. ஆனால் முதலில் போடுகிற பணம் அதிகம். அதற்கு ஏற்ற இன்வெர்ட்டரும் வேண்டும்.

அடுத்தது சோலார். 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 மானியம் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அந்த மானியம் தகட்டுக்குத்தான். பேட்டரிக்கென்று தனி மானியம் அதில் இல்லை. மின்வாரிய லைனோடு இணைத்த சாதாரண சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மீது கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அது சரியான ஏற்பாடு. ஆனால் இதைச் சொல்லாமல் விற்கிறார்கள். நம்ம பக்கம் ஒரு வீட்டில் நகையை அடகு வைத்துத் தகடு போட்டார்கள். முதல் மழைக்குக் கரண்ட் போனது, வீடும் இருண்டது. கடைக்காரரைக் கேட்டால், "அதுக்கு பேட்டரி தனியா வாங்கணுங்க" என்கிறார். மாடியில் அவ்வளவு வெயில், கீழே மெழுகுவர்த்தி!

மானியமும் முதலில் நாம் வேலையை முடித்த பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். கூரை வீட்டில் தகடு ஏறாது. ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலுக்கு நாளைக்கு நாலு யூனிட் அளவுக்குத் தரும். 2016-ல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணமில்லை என்று ஆன பிறகு, 150 யூனிட் எரிக்கிற சின்ன வீட்டில் மிச்சமாகக்கூடிய பில் சில நூறு ரூபாய்தான். ஆக, கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க பேட்டரி வாங்குகிறோம் என்று யாரும் ஏமாற வேண்டாம். பிள்ளை பரீட்சைக்குப் படிக்க வேண்டும், ராத்திரி பாம்பு மிதிக்காமல் கொல்லைக்குப் போய்வர வேண்டும், பிள்ளை பெற்றவள் புழுக்கத்தில் வாடக் கூடாது. அதற்காகத்தான் வாங்குகிறோம். மின்வாரியம் செய்ய வேண்டிய கடமையை நம் கைக்காசில் நாம் செய்துகொள்கிறோம்.

தோழர்களே, இனிதான் முக்கியமான இடம்.

பேட்டரிக்கு மானியமே இந்த நாட்டில் இல்லையா? இருக்கிறது. 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 4,000 மெகாவாட் மணி அளவுக்குப் பெரிய பேட்டரி நிலையங்கள் அமைக்க, மூலதனச் செலவில் 40 சதம் வரை தர ஒப்புதல் கொடுத்தது. 2025 ஜூனில் மேலும் 30,000 மெகாவாட் மணிக்கு 5,400 கோடி ரூபாய் அறிவித்தார்கள். ஒரு மெகாவாட் மணிக்கு 18 லட்சம். ஆயிரம் யூனிட்டுக்கு 18 லட்சம் என்றால் ஒரு யூனிட்டுக்கு 1,800 ரூபாய். நம் வீட்டு 1.8 யூனிட் பேட்டரிக்கு அதே விகிதத்தில் கொடுத்தால் 3,240 ரூபாய் வர வேண்டும்.

நமக்கு வந்தது என்ன? வரி. ஈய பேட்டரிக்கு 28 சதம் ஜிஎஸ்டி வாங்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதம் ஆக்கினார்கள். அன்றைக்கே சோலார் தகட்டுக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். தகடு தருகிற கரண்டைச் சேர்த்து வைக்கிற பேட்டரி மட்டும் என்ன பாவம் செய்தது? 16,000 ரூபாய் பேட்டரியில் 2,400 ரூபாய்க்கு மேல் வரி இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரி தொழிலுக்கு வாங்கினால் அதைக் கழித்துக்கொள்ள வழி உண்டு. நமக்கு அந்த வழியும் கிடையாது. கம்பெனி பேட்டரி வைத்தால் அரசு கொடுக்கிறது, குடியானவன் வைத்தால் அரசு எடுக்கிறது!

பெரிய பேட்டரி நிலையம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மத்தியானம் மிதமிஞ்சி வருகிற சூரிய மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொடுக்க அது அவசியம். ஆனால் கம்பம் சாய்ந்த ராத்திரியில் அங்கே சேர்த்த கரண்ட் நம் வீட்டுக்கு எந்தக் கம்பியில் வரும்? 2025 ஜூலை 1-ல் ஆஸ்திரேலியா வீட்டு பேட்டரிக்கு ஏறத்தாழ 30 சதம் சலுகை தரத் தொடங்கியது. வசதியான நாட்டு வீட்டுக்காரனுக்கே அரசு கைகொடுக்கும்போது, நம் சின்ன விவசாயிக்கு ஏன் கூடாது?

"பேட்டரிக்கு மானியம் கேட்டால், கரண்ட் கேட்கிற உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாதா?" என்று சங்கத்தில் மூத்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அப்படி வளர்ந்த போராட்டத்தின் பலனாகத்தான் 1990-ல் எல்லா விவசாயிகளின் பம்புசெட்டுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அந்த உரிமையில் ஒரு இம்மிகூட விடமாட்டோம். தடையில்லாத மின்சாரம் முதல் கோரிக்கை. அதைத் தர முடியாத நேரத்துக்கு அரசும் செலவைப் பகிர வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க விடமாட்டோம்.

ஆகவே கேட்கிறோம்:

1. கிராமங்களில் பழுதான மின்மாற்றி, சாய்ந்த கம்பம், காலியான மின் ஊழியர் பணியிடம் ஆகியவற்றைக் காலக்கெடு வைத்துச் சரிசெய்!

2. பெரிய நிலையங்களுக்கு அறிவித்த யூனிட்டுக்கு 1,800 ரூபாய் என்ற அதே விகிதத்திலாவது சிறு, குறு விவசாயி வீட்டு பேட்டரிக்கு மானியம் கொடு!

3. வீட்டு பேட்டரிக்கு ஜிஎஸ்டியை சோலார் தகடு அளவுக்கு 5 சதமாகக் குறை!

4. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் மூலம் நகை ஈடு இல்லாமல் குறைந்த வட்டிக் கடன் கொடு!

5. கடலோர ஊர்களின் புயல் பாதுகாப்பு மையங்களிலும் குடிநீர்த் தொட்டி மோட்டாருக்கும் சோலாரோடு பேட்டரியை அரசு செலவில் அமை!

கடைசியாக ஒரு வார்த்தை. பேட்டரி வாங்கினால் பில்லும் உத்தரவாத அட்டையும் தேதி போட்டு வாங்குங்கள். பழைய பேட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள். ஈயம் பிள்ளைகளுக்கு விஷம். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிப்படி பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கடையில் கொடுத்து அதற்கான விலையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வட்டாட்சியர் அலுவலகம் முன்பு கூடுகிறோம். பேட்டரி வாங்கிய பில் வைத்திருப்பவர்கள் அதன் நகலோடு வாருங்கள். எவ்வளவு வரி கொடுத்தோம் என்று கூட்டிப் போட்டு, மனுவோடு சேர்த்துக் கொடுப்போம். பில் இல்லாதவர்கள் வீட்டில் எரிகிற சிமினி விளக்கை எடுத்து வாருங்கள். குடும்பத்தோடு திரண்டு வாரீர்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!